கிளட்ச் பிளேட்டில் ஆள் பார்த்தவன்

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அட்டையில் ஒட்டி வாசலில் தொங்கவிடுவான். "என்னைப் பத்திப் புஸ்தகத்துல வந்திருக்குது பாருங்க" என்று போகிற வருகிறவனிடமெல்லாம் காட்டுவான். இப்போது மகள் வீட்டோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் ஒரு வாசல் இருக்குமல்லவா? அந்தச் சந்தோஷத்தை அவனுக்கு நான் தரமாட்டேன். விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், எடை மேடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு அவ்வளவு போதும்.

கெட்டிக்காரன்தான். அதை நான் மறுக்கவில்லை. ஒரு வண்டியைப் பற்றி அவன் சொன்னது எனக்குத் தெரிந்து ஒருதரம்கூடத் தப்பாகப் போனதில்லை. அவனை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவே முதல் காரணம்.

அவனுக்கு ஒரு பழக்கம். வண்டியிலிருந்து தேய்ந்த சாமானைக் கழற்றுவான். வேஸ்ட் துணியால் துடைப்பான். கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, தட்டில் வைத்த பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பான். அப்புறம் அந்த வண்டிக்காரன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல ஆரம்பிப்பான். வண்டிக்காரனிடம் அல்ல, அங்கே நிற்கிற எல்லோரிடமும். எடை மேடைக்கு வந்த லாரி டிரைவர்கள், எதிர்த்த டீக்கடையில் கிளாஸோடு நிற்பவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், யாருக்கும் பாக்கி வைக்கமாட்டான். காது மந்தம், அதனால் கத்துகிறான் என்று முதலில் நினைத்தேன். அதுவும் இல்லை. ஓடுகிற எஞ்சினுக்குள் ஊசி விழுகிற சத்தம் அந்தக் காதுக்குக் கேட்கும்.

நெல் மண்டிக்காரர் ஒருவர் டிரைவர் வைத்துத்தான் காரில் போவார். அவர் காரைச் சர்வீஸுக்கு விட்டபோது, முன்னால் இடது பக்க மிதியடியை உருவி எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினான். குதிகால் படும் இடத்தில் ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.

"பிரேக்கு வலது பக்கம் இருக்குது. இவரு எடது பக்கம் ஒக்காந்துகிட்டு வெறுந் தரையில பிரேக்கு மிதிக்கிறாரு. டிரைவர நம்ப மாட்டாரு. டிரைவர மட்டுமா? இந்தக் காலு பொண்டாட்டியக்கூட நம்பாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மண்டிக்காரரின் டிரைவரும் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். இன்னொருத்தன் மிதியடிதானே என்று.

இன்னொன்று சிரிப்பதற்கு இல்லாதது. ஒரு வாத்தியார் இருந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம். தனியாகத்தான் இருந்தார், மொபெட்டில் பள்ளிக்கூடம் போய் வருவார். அந்த மொபெட் செயின் மாற்ற வந்தது. செயினை மாற்றிவிட்டு அனுப்பியிருக்கலாம். இவன் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கட்டையைத் தடவிப் பார்த்தான்.

"ரப்பரு புதுசா தேஞ்சிருக்குதே சார். ஒரு பக்கமா ஒக்காந்து வர்ற காலு. பொம்பளக் காலு."

வாத்தியார் காசைக் கொடுத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை. அடுத்த ஜூனில் எங்கோ தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இதை அவனிடம் ஒருத்தர் கேட்டதற்கு, "தேஞ்சிருந்துது, சொன்னேன்" என்றான். அவ்வளவுதான் அவன் நியாயம்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவன் எனக்குச் செய்தது எவ்வளவு பெரிது என்று தெரியாது.

நான் படித்தது ஐந்தாவது. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். பதினாறு வயதில் பீங்கான் கம்பெனியில் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். கரண்டு போர்டில் ஃப்யூஸ் போடுகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதை அடிக்கிற பிரஸ். இடது காலால் பெடலை மிதித்தால் மேலச்சு இறங்கி மண்ணை அழுத்தும். காலை முழுசாக எடுக்கக் கூடாது. எடுத்தால் அச்சு வெடுக்கென்று எழும்பி மண்ணையும் பிய்த்துக்கொண்டு வரும், விளிம்பு உதிரும். அதனால் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் கால் பாதி மிதித்த வாக்கிலேயே நிற்கும். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பதினெட்டு வருஷம் அப்படி மிதித்தேன். என்னை மாதிரி மிதித்தவன் அன்றைக்கு விருத்தாசலத்தில் கிடையாது. சந்தேகம் இருந்தால் பழைய ஆட்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் பழைய பிரஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். ஒன்று நாலாயிற்று. இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தபோது எனக்குச் சொந்தமாகச் சூளை இரண்டு, வேலையாட்கள் முப்பத்தைந்து பேர். சுட்டு எடுத்த சரக்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். எந்தக் காலேஜும் அதைச் சொல்லித் தராது.

என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். காலையில் முதல் ஷிப்டுக்கு என் டீசல் ஜீப் கேட்டுக்குள் நுழையும். அந்தச் சத்தம் கேட்டால் பீடி அணையும், பேச்சு நிற்கும். ஒருநாள் நான் பின் சீட்டில் உட்கார்ந்து போய் இறங்கினால், அன்றைக்கே "மொதலாளிக்கு முடியல" என்பார்கள். அதற்கு மறுநாள் என் மகனிடம் போய் நிற்பார்கள். அவன் பி.இ. படித்தவன். நல்ல பையன், அதிலொன்றும் குறையில்லை. ஆனால் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து "டிரைவர் வச்சிக்கலாம்ப்பா" என்பதையே காலை மாலை சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கம்பெனி மகன் கைக்குப் போகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை, அவ்வளவே.

இந்த நிலைமையில்தான் ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். எஸ்.யு.வி. என்கிறார்களே, அது. கொடுப்பதற்கு முன் ஜீப்பின் கிளட்சைச் சரிசெய்தால் நல்ல விலை போகும் என்று அந்த மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோனேன். போகாமல் இருந்திருக்கலாம். மகனும் கூட வந்தான்.

கிளட்ச் பிளேட்டைக் கழற்றினான். துடைத்தான். வெளிச்சத்துக்கு எடுத்து வந்தான்.

"இது யாருண்ணே ஓட்டுற வண்டி?" என்றான், தெரியாதவன் போல.

"நான்தான். ஏன்?"

"ஏனா? இங்க பாருங்கப்பா எல்லாரும். காய்ஞ்ச தோசக்கல்லு மாதிரி நீலம் பூத்துப் போயிருக்குது. அண்ணன் கிளட்சுலருந்து காலையே எடுக்க மாட்டாரு. பாதி மிதிச்ச வாக்குலயே ஊரு பூரா சுத்துவாரு. இது டிரைவர் காலு இல்ல. பிரஸ் காலு."

எடை மேடையில் சீட்டுப் போடுகிறவன் அங்கிருந்தே கத்தினான்: "மொதலாளி இன்னும் கட்டைக் கூலிக்குத்தான் ஓட்டுறாருன்னு சொல்லு."

சிரிப்பு. அதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பிரஸ்ஸில் உட்கார்ந்தவன் என்று சொன்னால் எனக்குக் கேவலமில்லை, பெருமைதான். அவன் அதோடு நிறுத்தவில்லை. ஜீப்புக்குள் குனிந்து பெடலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. பெடல் ரப்பரு முன்னெல்லாம் நடுவுல தேஞ்சிருக்குது. இப்ப கொஞ்ச நாளா ஓரம் மட்டும் தேயுது. காலு எங்க வைக்கிறோம்னே அண்ணனுக்குத் தெரியல. மரத்துப் போச்சு. சக்கர காலு."

நான் அவனை முறைத்தேன்.

"மொறைக்காதீங்க. வண்டி வாங்கப் போறீங்கள்ல? கிளட்சு இல்லாத வண்டியா வாங்குங்க. ஆட்டோமேட்டிக்கு. இல்லன்னா தம்பி சொல்ற மாதிரி டிரைவர் வச்சிக்குங்க. ஒங்க எடது காலு ரிட்டேர்டு ஆயிருச்சுண்ணே."

பதினாலு பேர் இருந்தார்கள். எண்ணினேன். அந்தப் பதினாலு பேரையும்விட என் மகன் பார்த்த பார்வைதான் என்னைச் சுட்டது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காலைப் பார்த்தான். செருப்புக்குள் இருந்த பாதத்தை, ஏதோ அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல.

மறுவாரம் பாண்டிச்சேரி ஷோரூமுக்குப் போனோம். விற்கிற பையன் டை கட்டியிருந்தான். ஒரே வண்டியில் இரண்டு தினுசு இருக்கிறது, கீர் போட்டு ஓட்டுவது ஒன்று, தானாகவே மாறிக்கொள்வது ஒன்று என்றான். நான் இரண்டின் கதவையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சத்தம் ஒன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையன் என்ன செய்கிறேன் என்று புரியாமல் சிரித்தான்.

"ரெண்டும் ஒரே பாடிதான் சார். உள்ள கியர்பாக்ஸ் மட்டும்தான் வேற. உங்க ஏரியாவுக்கு மேனுவல்தான் சார் எல்லாரும் எடுக்கிறாங்க. மைலேஜ் கிடைக்கும், விலையும் ஒரு லட்சத்துக்கு மேல கம்மி. ஆட்டோமேட்டிக்ல ஏதாச்சும் ஆச்சுன்னா சென்னைக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்."

"ரெண்டையும் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றேன்.

முதலில் கீர் வண்டி. கிளட்ச் என் ஜீப்பைவிட லேசுதான். இருந்தும் இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மற்றது. அதில் இடது காலுக்கு வேலையே இல்லை. பிரேக், ஆக்சிலேட்டர், இரண்டும் வலது காலுக்கு. என் இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. பதினாறு வயதிலிருந்து மிதித்த கால் அன்றைக்குத்தான் ஓய்வாகக் கிடந்தது. கடற்கரை ரோட்டில் திரும்பும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இதுதான் வண்டி என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இறங்கினோம். மகன் பக்கத்தில் வந்தான். முகத்தில் நிம்மதி.

"மெக்கானிக்கு சொன்னது சரியாத்தாம்ப்பா இருக்குது. இதையே எடுத்துக்கலாம்."

நான் டை கட்டிய பையன் பக்கம் திரும்பினேன்.

"மேனுவல்ல கறுப்புக் கலரு இருக்குதா?"

அப்படித்தான் வாங்கினேன். படித்தவர்கள் இதை வீம்பு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பதினாலு பேர் முன்னால் ரிட்டயர்டு ஆன காலை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து பேருக்கு முன்னால் அவர்கள் நடந்து பார்த்திருந்தால் தெரியும்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. கேட்டுக்குள் நுழைந்தால் முன்னைக்கும் மேலாக மரியாதை. ஆனால் அவன் பட்டறையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். அங்கே ஒரு வேகத்தடை. வண்டி மெதுவாகும் சரியான நேரத்துக்கு அவன் எழுந்து நிற்பான்.

"வண்டி சூப்பரா இருக்குதுண்ணே. காலு எப்பிடி இருக்குது?"

ஒருநாள் இரண்டு நாள் அல்ல. மாதக்கணக்கில். டீக்கடையில் நிற்கிறவர்களும் அதையே பாட ஆரம்பித்தார்கள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவேன். கண்ணாடிக்குள்ளும் அந்தக் குரல் வரும்.

எட்டாவது மாதம் கிளட்ச் கருகியது. அவனிடம் கொண்டுபோவேனா? நெய்வேலியில் ஒரு பட்டறையில் விட்டு மாற்றினேன். அங்கிருந்த மெக்கானிக் பிளேட்டைக் கழற்றினான், மூலையில் போட்டான், புதுசை மாட்டினான். வாயே திறக்கவில்லை. அந்த வாய்க்காகவே கேட்டதற்குமேல் ஐநூறு ரூபாய் கொடுத்தேன்.

அந்த வருஷம் கரண்டு வெட்டு கடுமை. பகலில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஜெனரேட்டரை நம்பித்தான் சூளை எரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சூளையில் சரக்கு வெந்துகொண்டிருக்கும்போது கரண்டு போனது, ஜெனரேட்டரும் நின்றது. காற்று ஊதுகிற ப்ளோயர் நின்றால் ஒரு சூளைச் சரக்கும் பாழ். டீசல் எஞ்சினை உடனே எழுப்பக்கூடியவன் ஊரில் ஒருத்தன்தான். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தான். "கூப்பிட்டுத் தொலை" என்றேன்.

வந்தான். முக்கால் மணி நேரத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டான். சரக்கு தப்பித்தது. கூலியை வாங்கிக்கொண்டு போகிறவன் நேராகப் போயிருக்கலாம். என் வண்டி கொட்டகை ஓரமாக நின்றது. கதவைச் சரியாகச் சாத்தாமல் இறங்கியிருந்தேன். அதைச் சாத்தப் போகிறவன் போலப் போனவன் உள்ளே குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கிளட்ச் பெடலை விரலால் தொட்டான். விரலை மோந்து பார்த்தான்.

அப்புறம் முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு, ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி ஆரம்பித்தான்.

"அண்ணே, எடது காலைத் தூக்கிக் காட்டுங்க."

"வேலை முடிஞ்சுதுல்ல? கெளம்பு."

"காலைத் தூக்குங்கன்றேன். பெடல்ல சீழு காய்ஞ்சு ஒட்டியிருக்குது. மேல ஈரமும் இருக்குது. நாலஞ்சு நாளு ஆயிருக்கும். நாத்தம் அடிக்குது. ஒங்களுக்குத் தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சும்மா இருப்பேனா? வீட்டில் ஏதோ வாடை அடிக்கிறது என்று மனைவி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எலி செத்திருக்கும் என்று அலமாரிக்குப் பின்னாலெல்லாம் தேடச் சொன்னேன்.

பிரஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கட்டைகளைக் கிளேஸ் பூச்சில் முக்குகிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி கீழே உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ மொதலாளி, சில்லு ஏறியிருக்குதுங்க. செருப்ப தைச்சுக்கினு மேல போயிருக்குது."

உடைந்த பீங்கான் சில்லு. எங்கள் முற்றத்தில் அதற்கா பஞ்சம்? ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு இரண்டாவது விரலுக்கு அடியில் இறங்கியிருந்தது. கட்டை விரல் நகம் அகலம். அதோடு நான் நடந்திருக்கிறேன், வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒருநாள் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றி வந்திருக்கிறேன்.

அதைப் பார்த்த பிறகாவது வாயை மூடினானா? அங்கேயே செல்போனை எடுத்து என் மகனுக்குப் போட்டான். முப்பத்தைந்து பேரும் கேட்கத்தான் பேசினான்.

"தம்பி, ஒங்கப்பா காலு அழுவிப் போயி நிக்கிறாரு. ஆமா, அழுவி. அவரா ஓட்டிக்கினு வரேன்னு சொல்லுவாரு, வுடாதீங்க. வண்டிச் சாவிய நான் எடுத்துக்கிறேன். நீங்க வந்து கூட்டிக்கினு போங்க."

எடுத்தான். என் கம்பெனிக்குள், என் ஆட்களுக்கு நடுவில், என் வண்டிச் சாவியைத் தன் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் கையை நீட்டினேன். தரவில்லை. என் ஆட்களில் ஒருத்தன்கூட "மொதலாளி சாவியக் குடுய்யா" என்று கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் கம்பெனி என் கையைவிட்டுப் போனது. மகன் வந்து என்னைக் கூட்டிப் போனது அதற்கப்புறம்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்கு அவன் குலதெய்வமாகிவிட்டான். "அவரு மட்டும் குனிஞ்சு பாக்கலன்னா" என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள். எனக்குத் தெரியாமல் அவனுக்கு வேட்டி சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதையும் அவன் டீக்கடையில் பிரித்துக் காட்டியிருக்கிறான்.

மூன்று மாதம் கழித்துத்தான் காலைத் தரையில் ஊன்றச் சொன்னார்கள். கம்பெனிக்கு மகன் அழைத்துப் போனான். பின் சீட்டில். யாரும் பீடியை அவசரமாக அணைக்கவில்லை. எழுந்து நின்று "எப்படி இருக்கீங்க மொதலாளி" என்று அன்பாகக் கேட்டார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம். சரக்கு கேட்கிற சேட்டுகள் மகன் நம்பருக்கே போன் பண்ணப் பழகியிருந்தார்கள். என் நாற்காலி இருந்தது; துடைத்துச் சுத்தமாக, ஓரத்தில்.

ஒரு மாதம் அந்த ஓர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் ஒருநாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனேன். கறுப்பு வண்டியைக் கொடுப்பதாகப் பேசி, அதே வண்டியில் தானாகக் கீர் மாறுகிறதை எடுத்தேன். யாரும் சொல்லி அல்ல. நானே எடுத்தேன். ஷோரூம் ஆள் அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கறுப்பு வண்டியை ஓட்டிப் போனான்.

ஓட்டுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். கீர் வண்டி ஓட்டியவனுக்கு இடது கால் சும்மா இருக்காது. நிறுத்த வேண்டுமென்றால் அது தானாக எழும்பிப் போய்க் கிளட்சைத் தேடும். அங்கே இருப்பது பிரேக். ஓங்கி மிதித்துவிடும். முதல் நாள் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்து இரண்டு நாள் வலித்தது. களிமண் கொட்டி வைக்கிற மைதானத்தில், விடிந்ததும், ஆள் வருவதற்கு முன், தனியாக ஓட்டினேன். இடது காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வேன். அது நழுவி வரும். திரும்ப இழுத்து வைப்பேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் கால் படுத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்கு முதல் ஷிப்டுக்கு நானே கேட்டுக்குள் ஓட்டிப் போனேன். மகன் எழுந்து நின்றான். உட்காரு என்றேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். அதற்குமேல் அங்கே நடந்ததை எழுத வேண்டியதில்லை. பாதிக் கம்பெனி திரும்ப வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வரவில்லை.

சாயங்காலம் அவன் பட்டறை முன்னால் நிறுத்தினேன். வழக்கம்போல நாலைந்து பேர் நின்றார்கள். அவன் கண் முதலில் சக்கரத்துக்குப் போனது, அப்புறம் உள்ளே இருந்த கீர் குச்சிக்குப் போனது. வாய் திறந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"வண்டில ஏறு."

"என்னாண்ணே சத்தம்?"

"சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. ஏறு."

பக்கத்து சீட்டில் ஏறினான். நான் நான்கு கண்ணாடியையும் ஏற்றினேன். ஏசி ஓடியது. வெளியே நிற்பவர்களின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவனை அப்படித் தனியாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"இந்த வண்டிய நான் அன்னைக்கே வாங்கியிருப்பேன்" என்றேன். "ஷோரூம்ல ஓட்டிப் பாத்து முடிவே பண்ணிட்டேன். பதினாலு பேரு முன்னாடி நீ சொன்ன பாரு, அதுக்காகத்தான் இத வுட்டுட்டு அத எடுத்தேன். அன்னைக்கு என்னைய இப்பிடித் தனியா ஒக்கார வச்சு, 'அண்ணே, காலு மரத்துருச்சு, பாத்துக்க'ன்னு சொல்லியிருந்தீன்னா வாங்கியிருப்பேன். கிளட்ச மிதிச்சு மிதிச்சு அந்தச் சில்ல உள்ள ஏத்தியிருக்க மாட்டேன். ரெண்டு வெரலும் இருந்திருக்கும்."

அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களைக் கை காட்டினான்.

"தனியா சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்கண்ணே. நாலு பேரு முன்னாடி சொன்னாத்தான் மறுக்க முடியாது."

"நான் மறுத்தனே. அவ்ளோ பேரு முன்னாடி சொன்னியே, கேட்டனா?"

மடியில் இருந்த எண்ணெய்க் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு அப்பிடி மெதுவா சொல்ல வராதுண்ணே" என்றான் கடைசியில்.

"கத்துக்க. அறுவது வயசுல எடது காலு இல்லாம ஓட்ட நான் கத்துக்கல?"

கதவுப் பூட்டை விடுவித்தேன். இறங்கினான். டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்து, "என்னாவாம் மொதலாளிக்கு?" என்று கேட்டார். மற்றவர்களும் நெருங்கினார்கள். நான் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். என்ன சொல்லப் போகிறான் என்று கேட்காமல் எப்படிப் போவது?

"ஏசி சத்தம் கேக்குதுன்னாரு" என்றான் அவன். "பாத்தேன். ஒண்ணுமில்ல."

பொய். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். வீட்டில் சொன்னபோது, அது அவர் உங்ககிட்ட கேட்ட மன்னிப்பு என்றாள் என் மனைவி. இருக்கலாம். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு பொய்யால் என் கால் விரல் இரண்டும் முளைத்துவிடவில்லை.